தோழனை இழந்த ராக் குழுவின் பாடலைப் பொருள்கொள்ளும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பொருள் தெரியாத பாட்டைக் கேட்பது புதிதன்று. வீட்டில் தமிழ், கடைவீதியில் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு, அரசு அலுவலகத்தில் மலையாளப் படிவம் என்று வாழ்ந்த எங்கள் தலைமுறைக்கு, மலையாளத் திரைப்பாட்டு முதலில் சத்தமாகத்தான் வந்து சேர்ந்தது. சொல் பிறகு வந்தது, பொருள் அதற்கும் பிறகு வந்தது. ஆங்கில ராக் பாடல்களையும் அதே வரிசையில்தான் நாங்கள் கேட்டோம். இதைக் குறையாக நினைத்து வெட்கப்பட்ட காலம் உண்டு. ஒரு குழு தன் தோழனை இழந்து பாடிய பாடலைப் பொருள்கொள்வதற்கு இந்த வரிசையே சரியானது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வர் ஒரு கடையின் மாடியறையில் கூடிப் பாட்டுக் கேட்கிறோம். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒருவர் கோயில் திருவிழாக்களுக்குச் செண்டை வாசிக்கச் செல்பவர், ஒருவர் கைப்பேசி பழுது பார்ப்பவர். அங்கே நாங்கள் பழகிய முறையையே கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு முதன்மையாக ஒரே பாடலை எடுத்துக்கொள்கிறேன்: பிங்க் ஃபிளாய்ட் குழு, தன் பழைய தலைவர் சிட் பாரெட்டை நினைத்து 1975இல் வெளியிட்ட 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்'. மற்றப் பாடல்கள் ஒப்பிடுவதற்கு மட்டும் வரும்.

முதற்படி: சொல்லைத் தொடாமல் கேளுங்கள்

பாடல் வரிகளை இணையத்தில் தேடி எடுத்து வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்காதீர்கள். வரிகள் கையில் இருந்தால் கண் முன்னே ஓடும், காது பின்னே நொண்டும். ஒரு நோட்டும் காதொலிப்பானும் போதும். இரண்டு முறை முழுதாகக் கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன மாறுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: புதிய வாத்தியம் நுழையும் இடம், தாளம் தொடங்கும் இடம், குரல் வரும் இடம், ஏதாவது ஒன்று நின்றுபோகும் இடம்.

இந்தப் பாடல் ஒன்பது பகுதிகளாக, இசைத்தட்டின் தொடக்கத்தில் பாதியும் முடிவில் பாதியுமாகப் பிரித்து வைக்கப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 26 நிமிடம். முதற்பாதியில் எட்டரை நிமிடம் கடந்த பிறகுதான் மனிதக் குரல் கேட்கும். எங்கள் அறையில் முதல்முறை போட்டபோது, இது பாட்டா, பின்னணி இசையா என்று கைப்பேசிக்காரர் நடுவில் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். எட்டரை நிமிடம் பேச முடியாமல் நிற்பவர்கள், எதைச் சொல்லத் தயங்குகிறார்கள்? துக்க வீட்டுக்குள் நுழைந்தவுடன் யாரும் பேசுவதில்லை. செருப்பைக் கழற்றி, ஒரு மூலையில் உட்கார்ந்து, வெகுநேரம் கழித்தே வாய் திறப்போம். அந்தத் தயக்கத்தை வரிகளில் தேடினால் கிடைக்காது, நிமிடக் கணக்கில்தான் கிடைக்கும்.

இரண்டாம் படி: தேதிகளை வரிசைப்படுத்துங்கள்

அடுத்து ஒரு காலக்கோடு போட வேண்டும். தோழர் பிரிந்த நாள், பாடல் உருவான நாள், வெளியான நாள் ஆகிய மூன்றும் தனித்தனியாக வேண்டும். பெரும்பாலான தவறான விளக்கங்கள் இந்த மூன்றையும் ஒன்றாக்குவதால் வருகின்றன.

பாரெட் 1946இல் பிறந்தவர். குழுவின் தொடக்ககாலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவரும், கிதார் வாசித்துப் பாடியவரும் அவரே. மனநிலை சிதைந்து மேடையில் நிற்கவே இயலாமல் போன நிலையில், 1968 ஜனவரியில் ஒரு நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் மற்றவர்கள் அவரை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டார்கள். அந்த ஏப்ரலில் அவர் விலகியது அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 22. பாடல் 1974இலேயே மேடைகளில் வாசிக்கப்பட்டது. இசைத்தட்டு 1975 செப்டம்பரில் வந்தது. பாரெட் இறந்தது 2006 ஜூலை 7ஆம் நாள்.

இந்த வரிசையைப் பார்த்தாலே இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, இது இறந்தவருக்கான பாடல் இல்லை. பாடல் வெளியான பிறகு ஏறத்தாழ 31 ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்தார். இரண்டாவது, ஒரு புகழ்பெற்ற நிகழ்ச்சி தன் உரிய இடத்துக்கு நகர்கிறது. 1975 ஜூன் 5 அன்று, லண்டன் ஏபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் குழுவினர் இந்த இசைத்தட்டின் வேலையில் இருந்தபோது, உடல் பருத்து, தலையும் புருவமும் மழித்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். அவர் பாரெட் என்பதை உடன் வாசித்த தோழர்களே சிறிது நேரம் அறியவில்லை. இந்த வருகையைப் பார்த்துத்தான் பாடல் எழுதப்பட்டது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாடல் அதற்கு ஓராண்டுக்கு முன்பே பிறந்துவிட்டது. யாரை நினைத்துப் பாடினார்களோ, அவர் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை என்பதே நடந்தது. காரணமும் விளைவும் தலைகீழாகும்போது கதை எளிதாகிவிடும், உண்மையின் உறுத்தல் போய்விடும்.

வேறு பாடல்களிலும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் 'ஃப்ரீ பேர்ட்' 1973இல் வெளியானது. பாடகர் ரோனி வான் ஸான்ட்டின் உயிரைப் பறித்த விமான விபத்து 1977 அக்டோபரில் நடந்தது. இன்று அது இரங்கற்பாட்டாகவே ஒலிக்கிறது என்றாலும் அந்தப் பொருள் கேட்பவர்கள் பின்னால் ஏற்றியது. பிரிட்டென்டர்ஸ் குழுவின் 'பேக் ஆன் தி செயின் கேங்' இதற்கு நேர்மாறானது. வேறொருவரை மனத்தில் வைத்துத் தொடங்கிய அந்தப் பாடல், 1982 ஜூனில் கிதார் கலைஞர் ஜேம்ஸ் ஹனிமன்-ஸ்காட் இறந்ததும் அவருக்கு உரியதாக மாறியது. பாதிவழியில் ஆளை மாற்றிக்கொண்ட துக்கம் என்பதால் பொய்யென்று தள்ளிவிட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: அந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார் என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள்.

நம் இலக்கியத்தில் இறந்தவரை நினைத்துச் செயலற்றுப் புலம்பும் பாட்டுக்குக் கையறுநிலை என்று துறை வகுத்திருக்கிறார்கள். பாரியை இழந்து கபிலர் பாடுகிறார்; ஆனால் பாடுவதற்காகக் கபிலர் பாரியின் அரியணையில் உட்கார வேண்டியதில்லை. ஒப்பாரி வைக்கும் பெண்ணும் போனவரின் வேலையைத் தான் செய்துகொண்டே அழுவதில்லை. ராக் குழுவின் நிலை வேறு. கிதார்க்காரர் போய்விட்டால், கிதார்க்காரருக்கான பாட்டை வாசிக்கவே இன்னொரு கிதார்க்காரர் வேண்டும். போனவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பினால்தான் அந்த வெற்றிடத்தைப் பாட முடியும். இந்த முரண் மற்ற எந்த இரங்கற்பாட்டிலும் இவ்வளவு கூர்மையாக இல்லை.

செண்டைக்காரர் இதைக் கேட்டதும் உடனே பிடித்துக்கொண்டார். செண்டை மேளத்தில் தலைமைக் கலைஞரான பிரமாணி நிற்பது முன்வரிசையின் நடு இடம். அவர் கோலைப் பார்த்தே மற்றவர்கள் காலம் மாற்றுவார்கள். மூத்த பிரமாணி மறைந்த பிறகு வரும் முதல் திருவிழாவில் அந்த நடு இடத்தில் இன்னொருவர் நின்றே ஆக வேண்டும், அவர் முதல் அடி அடிக்கும்வரை கூட்டம் மேளத்தைக் கேட்பதில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும் என்றார்.

எனவே பாடலின் கலைஞர் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் குழுவில் சேர்ந்த ஆண்டை எழுதுங்கள். பிங்க் ஃபிளாய்டில் டேவிட் கில்மோர் சேர்ந்தது 1967 இறுதியில். பாரெட்டால் வாசிக்க இயலாதபோது கை கொடுப்பதற்காக அழைக்கப்பட்டவர், சில வாரங்களில் அவருடைய இடத்துக்கே வந்துவிட்டார். இருவரும் கேம்பிரிட்ஜ் நகரத்தில் இளமையிலேயே நண்பர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாரெட்டின் நினைவாகவே எல்லோரும் அடையாளம் காணும் அந்த நான்கு கிதார் சுரங்களை வாசிப்பவர், பாரெட்டின் நாற்காலியில் அமர்ந்த கில்மோர். தற்செயலாக அவர் விரலில் வந்த அந்தச் சுரக்கோவையைக் கேட்ட பிறகுதான் குழுவின் பேஸ் கிதார் கலைஞரும் பாடலாசிரியருமான ரோஜர் வாட்டர்ஸுக்குப் பாரெட்டின் நினைவும் வரிகளும் எழுந்தன. இசை முதலில், சொல் பிறகு. எழுதியவர்களுக்கே அந்த வரிசைதான் வாய்த்தது.

நாற்காலியை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதில் குழுவுக்குக் குழு வேறுபாடு உண்டு. ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று இறந்தார். அதே ஆண்டு ஜூலையில், புதிய பாடகர் பிரையன் ஜான்சனுடன், முழுக் கறுப்பு அட்டை போட்ட 'பேக் இன் பிளாக்' வந்துவிட்டது. மணியோசையுடன் தொடங்கும் அந்தத் தட்டில் அழுகை மிகக் குறைவு, ஆரவாரமே மிகுதி. வேகமான தாளம் என்றால் துக்கம் இல்லை என்று முடிவு கட்டுபவர்கள், நம் ஊர்ச் சாவு ஊர்வலத்தில் பறைக்கு ஆடுபவர்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும். லினர்ட் ஸ்கினர்ட் குழுவினரோ 1987இல் மீண்டும் கூடியபோது, 'ஃப்ரீ பேர்ட்' பாட்டைப் பாடாமல் இசையாக மட்டும் வாசித்து, பாடகரின் இடத்தை வெறுமையாகவே விட்டார்கள்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவைப்படுகிறது. மெட்டாலிகாவின் பேஸ் கிதார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பேருந்து விபத்தில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற இசைத்துணுக்குகளைக் கொண்டு, பெரும்பாலும் சொல்லின்றி அமைத்த 'டு லிவ் இஸ் டு டை' 1988இல் வெளியானது. அந்த இசைத்தட்டு முழுவதிலும் புதிய பேஸ் கலைஞரின் ஒலி ஏறக்குறையக் கேட்காது. அது திட்டமிட்ட மௌன அஞ்சலி என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும், எனக்கும் துறுதுறுத்தது. ஒலிக்கலவையில் எடுக்கப்பட்ட முடிவு தட்டு முழுவதற்கும் பொதுவாக இருக்கும்போது, அதை ஒரு பாடலின் துக்கத்துக்குச் சான்றாக நிறுத்த முடியாது.

நான்காம் படி: சுரங்களின் அருகில் செல்லுங்கள்

இசை படித்தவர்கள் மட்டும் செய்யக்கூடியது என்று இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். வீட்டில் ஒரு சுருதிப்பெட்டியோ கைப்பேசிக் கீபோர்டோ இருந்தால் போதும்.

நான்காவது நிமிடத்தை ஒட்டி அந்த நான்கு சுரங்கள் வருகின்றன. பாடல் ஜி மைனர் என்ற மேற்கத்திய சுர அமைப்பில் நிற்பதால், ஜி என்ற சுரத்தை ஸட்ஜமாகக் கொண்டு பாருங்கள். வரிசை இது: சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், பிறகு கீழிறங்கி ஸட்ஜம், அதிலிருந்து மேலே தாவிச் சதுச்ருதி தைவதம். மூன்றாம் சுரத்தில் தரை தட்டுகிறது. அங்கேயே முடித்திருந்தால் மனம் அமைதி அடைந்திருக்கும். முடிக்காமல் எழும்பி, தைவதத்தில் தொங்கவிட்டு, அந்த ஒலி தானாகக் கரையும்வரை காத்திருக்கிறார்கள். அந்தத் தைவதமும் காது எதிர்பார்ப்பதன்று. சாதாரண மைனர் அமைப்பு நம் நடபைரவியின் சுரங்களைக் கொண்டது; அதில் வர வேண்டியது சுத்த தைவதம். வந்து நிற்பது அதற்கு அரைச்சுரம் மேலே, கரகரப்பிரியாவுக்கு உரிய தைவதம். கமகம் இல்லாத, ராக நடை இல்லாத இந்தச் சுரங்களைக் கரகரப்பிரியா என்று பெயரிட்டு அழைக்க வேண்டாம். நம் காதுக்கு வழிகாட்டவே அந்த ஒப்பீடு.

வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல், போகவும் போகாமல் நிற்கும் ஒருவரைப் போல அந்தக் கடைசிச் சுரம் எனக்குக் கேட்கிறது. கைப்பேசிக்காரர் வேறு மாதிரிச் சொன்னார்: அழைப்பு மணி அடிக்கிறது, எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை. இரண்டுமே அனுமதிக்கத்தக்க விளக்கங்கள்; இரண்டும் அந்தத் தைவதத்தைச் சான்றாகக் காட்டுகின்றன என்பதே அதற்குக் காரணம். சுரத்தையோ நொடியையோ சுட்ட முடியாத விளக்கத்தை நோட்டில் எழுதாதீர்கள்.

பாடலின் தொடக்கத்தில் மிதக்கும் ஒலியில், ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பைத் தேய்த்து எடுத்த நாதமும் கலந்திருக்கிறது. வீட்டுப் பொருள்களை மட்டும் கொண்டு ஓர் இசைத்தட்டு செய்ய முயன்று கைவிட்டபோது மிஞ்சிய பதிவு அது. ஜலதரங்கம் கேட்ட காதுகளுக்கு அந்தக் குளிர்ச்சி உடனே பிடிபடும்.

ஐந்தாம் படி: இப்போது வரிகளைப் படியுங்கள், முதலில் இலக்கணத்தைப் பார்த்து

வரிகளை முழுதாக மொழிபெயர்க்க முயல வேண்டாம். மூன்று இலக்கணக் கேள்விகளை மட்டும் கேளுங்கள். யாரை நோக்கிப் பேசுகிறது? எந்தக் காலத்தில் பேசுகிறது? வினை ஏவலா, கூற்றா?

இந்தப் பாடல் தொடக்கம் முதல் முன்னிலையில் பேசுகிறது. 'அவர்' இல்லை, 'நீ' மட்டுமே. இளமையில் நீ எப்படி இருந்தாய், இப்போது உன் கண்கள் எப்படி இருக்கின்றன என்று இறந்தகாலமும் நிகழ்காலமும் மாறி மாறி மோதுகின்றன. பெயர் ஓரிடத்திலும் சொல்லப்படுவதில்லை. பெயருக்குப் பதிலாக ஓவியன், குழலூதுபவன், கைதி என்பன போன்ற விளிகள் அடுக்கடுக்காக விழுகின்றன. அவற்றுள் சில வாழ்க்கையிலிருந்து நேரே எடுத்தவை: பாரெட் ஓவியக் கல்லூரியில் படித்தவர், 1967இல் வந்த குழுவின் முதல் இசைத்தட்டின் தலைப்பிலேயே குழலூதுபவன் இருக்கிறான். விளிகளை இப்படி அடுக்கும் முறை நமக்கு நன்கு பழக்கமானது. ஒப்பாரியில் பெயரைச் சொல்லாமல், என் பொன்னே, என் தேரே என்று அடுக்கி அழைக்கும்போது, ஒவ்வொரு அழைப்பும் இழந்த ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டுகிறது.

ஆனால் ஒப்பாரியோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. உயிரோடிருப்பவரை நினைத்து ஒப்பாரி வைப்பது நம் ஊரில் அபசகுனம். வீட்டுப் பெரியவர்கள் வாயைப் பொத்துவார்கள். அந்தக் கூச்சம் இந்தப் பாடலுக்கும் இருப்பதால்தான் தலைப்பிலும் பல்லவியிலும் வினை ஏவலாக, ஏறத்தாழ வாழ்த்தாக, ஒளிவிடு என்று வருகிறது.

தலைப்பில் உள்ள ஷைன், யூ, டயமண்ட் என்ற சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளில் சிட் என்ற பெயர் ஒளிந்திருப்பதாகக் கண்டுபிடித்து மகிழ்வோர் உண்டு. அது ஒரு நல்ல பொழுதுபோக்கு. அதைக் கடந்து செல்லுங்கள்.

எதைப் பாடவில்லை என்பதையும் இதே நேரத்தில் பார்க்க வேண்டும். தமிழாசிரியர் இங்கே புறநானூற்றின் 242ஆம் பாட்டை எடுத்தார். ஒல்லையூரின் சாத்தன் இறந்த பிறகு, குடவாயிற் கீரத்தனார் அவன் புகழை நீட்டி முழக்காமல் முல்லைக்கொடியைப் பார்க்கிறார்: இளைஞர் சூடமாட்டார், வளையணிந்த பெண்கள் கொய்யமாட்டார், பாணன் சூடமாட்டான், பாடினியும் அணியமாட்டாள், பிறகு எதற்குப் பூத்தாய் என்று கேட்கிறார். பயன்படாமல் போன ஒரு பொருள், இறந்தவனைவிட அதிகம் பேசுகிறது. ராக் பாடலிலும் அப்படி ஒரு முல்லை இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தப் பாடலில் முதல் எட்டரை நிமிடம் பாடப்படாத குரலே அந்த முல்லை என்றார் அவர். நான் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்தப் பூ நினைவுக்கு வருகிறது.

ஆறாம் படி: அண்டை வீட்டையும் எட்டிப் பாருங்கள்

பாடல் இசைத்தட்டில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது விளக்கத்தின் ஒரு பகுதி. பாரெட்டுக்கான பாடலின் இரு பாதிகளுக்கு நடுவே மூன்று பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, கலைஞனை அரைத்துப் பிழியும் இசை வணிகத்தைச் சாடுகின்றன. பாரெட்டின் சிதைவுக்குப் போதைப்பொருளையும் மனநோயையும் மட்டும் காரணமாக்கும் விளக்கம், இந்த நடுப்பகுதியைக் கேட்காத விளக்கம். 1973இல் வந்த முந்தைய தட்டு உலகப் புகழ் பெற்றதும், அந்தப் புகழின் உச்சியில் நின்று இவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதும் இங்கே பொருந்தும்.

ஏழாம் படி: உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள்

சோகம் என்று எழுதி நோட்டை மூடிவிடாதீர்கள். எங்கள் எல்லையில் இதற்கு உதவும் ஒரு சொல் இருக்கிறது. மலையாளத்தில் 'சங்கடம்' என்றால் மனத்துயரம். அழும் குழந்தைக்கும் சங்கடம்தான் வருகிறது. தமிழில் சங்கடம் என்றால் தர்மசங்கடம், நெளிவு, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாத நிலை. இரண்டு மொழியும் புழங்கும் எங்கள் வீடுகளில் இந்தச் சொல் எந்தப் பொருளில் வந்தது என்று சொன்னவரின் முகத்தைப் பார்த்துத்தான் அறிவோம். வண்டியில் ஏற்றிக்கொள்ளாமல் போனவர்கள், ஏழு ஆண்டுகள் கழித்து, அவருடைய இடத்தில் அமர்ந்தவரின் கிதாரோடு, அவர் உயிரோடிருக்கும்போதே பாடும் இந்தப் பாட்டில், மலையாளச் சங்கடமும் தமிழ்ச் சங்கடமும் ஒன்றாகவே இருக்கின்றன. மற்றப் பாடல்களுக்கு இந்தச் சொல் பொருந்தாமல் போகலாம். 'பேக் இன் பிளாக்' தட்டுக்கு வீம்பு என்ற சொல் இன்னும் நெருக்கமாக இருக்கும். உங்கள் ஊர்ப் பேச்சிலிருந்து ஒரு சொல்லைத் தேடி வைத்து, முந்தைய படிகளில் எழுதிய ஒவ்வொரு குறிப்போடும் அதை உரசிப் பாருங்கள்.

எட்டாம் படி: ஒரு பக்கம் எழுதி, மீண்டும் ஒருமுறை கேளுங்கள்

ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு நிமிடக் குறிப்போ, தேதியோ, பெயரோ அருகில் இருக்க வேண்டும். எழுதிய பிறகு, தோழரின் பெயரை அடித்துவிட்டு வேறொரு குழுவின் இறந்த கலைஞர் பெயரை வைத்துப் படித்துப் பாருங்கள். அப்போதும் பத்தி இடறாமல் ஓடினால், அது இந்தப் பாடலைப் பற்றிய பத்தியாக இன்னும் ஆகவில்லை. மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

மீண்டும் கேட்கும்போது கடைசிப் பகுதியைத் தவறவிடாதீர்கள். ஒன்பதாம் பகுதி கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் மட்டும் அமைத்தது. அதில் வரிகள் இல்லை. இசை தேய்ந்து மறையும் நேரத்தில், 1967இல் பாரெட் எழுதிப் புகழ்பெற்ற 'சீ எமிலி பிளே' பாடலின் மெட்டு ஒரு கீற்றாகக் கேட்கும். பாட்டு முழுவதும் பாரெட்டைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள்; அவருடைய சொந்த மெட்டு வருவது அந்த ஓரிடத்தில்தான். மிக மெல்லிய ஒலி. எங்கள் மாடியறையில் பொள்ளாச்சிப் பேருந்து கடக்கும் நேரமாக இருந்தால் அது காதிலேயே விழாது. இரண்டு முறை அப்படித் தவறவிட்டோம். இப்போதெல்லாம் கடைசி ஒரு நிமிடத்துக்கு முன்பே செண்டைக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறார்.